குளத்துச் சேற்றின் காந்த பாக்டீரியாவைக் காண ஒரு மாணவர் நுண்ணோக்கி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்துக்காக 14,800 ரூபாய் கொடுத்து வாங்கிய நுண்ணோக்கி ஒன்றை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். ஹரியானாவின் அம்பாலாவில் தயாராகி, இணையவழி விற்பனையாளர் ஒருவர் மூலம் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த கருவி அது. வெங்காயச் சருகையும் கன்னத்தின் உட்புறச் செல்லையும் எந்த நுண்ணோக்கியும் காட்டிவிடும் என்பதால், அவற்றை வைத்து இதை மதிப்பிட நான் விரும்பவில்லை. நன்னீர்க் குளங்களின் அடிவண்டலில் வாழ்கின்ற, உடலுக்குள்ளேயே காந்தமுள்ளைச் சுமந்து திரிகின்ற பாக்டீரியாவை மாணவர்களுக்கு உயிரோடு காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன். ஆகவே இந்த மதிப்புரையும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான். கருவி அதைச் செய்கிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த நிலையிலேயே செய்துவிடாது. அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும் ஓர் எஃகுக் கவ்வி.

முதலில் பார்க்க வேண்டிய பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காந்தநாட்ட பாக்டீரியா எனப்படும் இவை, நீரில் கரைந்துள்ள இரும்பை எடுத்துக்கொண்டு, மேக்னடைட் என்னும் காந்தக் கனிமத்தின் படிகங்களைத் தம் செல்லுக்குள்ளேயே வளர்க்கின்றன. கடலிலும் உவர்நீரிலும் வாழ்பவற்றில் சில கிரைகைட் என்னும் இரும்பு சல்பைடைச் செய்கின்றன. நன்னீரில் பெரும்பாலும் மேக்னடைட்தான். ஒவ்வொரு படிகமும் ஏறத்தாழ 35 முதல் 120 நானோமீட்டர் அளவுடையது, தனித்தனியே ஒரு சவ்வுப் பைக்குள் இருப்பது. மேக்னெட்டோசோம் என்று அழைக்கப்படும் இப்பைகள், செல்லின் நீளவாக்கில் ஓடும் ஒரு புரத இழையில், நாரில் தொடுத்த பூப்போல வரிசையாக நிற்கின்றன. தனியொரு படிகத்தின் காந்த வலிமை, நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதலுக்கு எதிராக ஒரு செல்லைத் திருப்பி நிறுத்தப் போதாது. இருபது படிகங்கள் ஒரே திசையில் அணிவகுத்தால் போதும்; செல் முழுவதும் ஒரு காந்த ஊசியாகிவிடுகிறது. செல் இறந்துபோனாலும் ஊசி ஊசியாகவே இருக்கும்: வெந்நீரில் கொன்ற செல்கூடக் காந்தப்புலத்தின் வழியே திரும்பி நிற்கும், நீந்த மட்டும் செய்யாது.

இதைத் தன் ஆய்வகத்தில் முதலில் கவனித்தவர், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சால்வடோரே பெல்லினி. 1963ஆம் ஆண்டில் நன்னீர் மாதிரிகளை ஆராய்ந்தபோது, சில பாக்டீரியா எப்போதும் வடக்கு நோக்கியே நீந்துவதைக் கண்டு எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகள் உலகின் கண்ணில் படாமலே பல பத்தாண்டுகள் கிடந்தன. 1975இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் பகுதிச் சேற்றில் ரிச்சர்ட் பிளேக்மோர் அதே நடத்தையைத் தற்செயலாகக் கண்டு சயின்ஸ் இதழில் வெளியிட்ட பிறகே இத்துறை தொடங்கியது. ஒளியைத் தேடிப் போகின்றனவோ என்று ஐயுற்று நுண்ணோக்கியை மூடியும் இடம் மாற்றியும் பார்த்த பிறகு, காந்தத்தை அருகே கொண்டுசென்றபோதுதான் அவருக்கு விடை கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்குள்ள ஒரு நன்னீர்ச் சதுப்பிலிருந்து முதல் தூய வளர்ப்பும், பின்னர் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு அருகே ரிக் ஆற்றுச் சேற்றிலிருந்து இன்று உலகெங்கும் ஆராயப்படும் மற்றோர் இனமும் பிரித்தெடுக்கப்பட்டன. பவேரியாவின் கீம்ஸே ஏரி வண்டலில் வாழும் பெரிய கோலுரு இனமொன்று, ஒரே செல்லில் ஆயிரம் படிகங்கள் வரை வைத்திருக்கிறது. இவற்றில் எதையும் வாங்கி வளர்க்க வேண்டியதில்லை. ஓடாத நீரின் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும் இடங்களில் இவை பரவலாக வாழ்கின்றன என்பதால், தாமிரபரணியின் கால்வாய்த் தண்ணீரால் நிரம்பும் எங்கள் ஊர்க் குளமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மடையை ஒட்டி, முழங்கால் ஆழத்தில், கரம்பை மண்ணின் மேல்பரப்பை மட்டும் வழித்தெடுத்தோம். கையளவு மண்ணிலேயே இரண்டு உலகம் தெரிந்தது: மேலே விரல் தடிமனுக்கும் குறைவான பழுப்பு, அதன் கீழே அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருப்பு. ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும் எல்லை அந்தப் பழுப்பும் கருப்பும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது, நாம் தேடும் பாக்டீரியாவும் அந்த எல்லையில்தான் கூடுகின்றன. பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணும் மேலே குளத்து நீருமாக ஊற்றி, வெயில் படாத அலமாரியில் மூன்று வாரம் அசைக்காமல் வைத்தோம். தகர மூடி காந்தத்தை ஈர்க்கும். பிளாஸ்டிக் மூடியையே போட வேண்டும், அதையும் இறுக்கக் கூடாது. பிறகு மண் பரப்புக்கு ஒரு விரற்கடை மேலே, பாட்டிலின் வெளிச்சுவரில் சட்டக்காந்தத்தின் முனையை ஒட்டிவைத்து ஒரு மணி நேரம் கழித்து, அந்த இடத்திலிருந்து சொட்டுக் குழாயால் நீரை எடுத்தோம்.

இனி நுண்ணோக்கி. இரண்டு கண்ணருகு லென்ஸ்கள், மேலே கேமராவுக்கென ஒரு தனிக் குழல், 4, 10, 40, 100 மடங்குப் பொருளருகு லென்ஸ்கள், ஒளியைப் பொருளின் மேல் குவிக்கும், உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கண்டன்சர், எல்.இ.டி. விளக்கு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது "2500 மடங்கு" என்பது. உடன் வரும் 25 மடங்குக் கண்ணருகு லென்ஸை 100 மடங்கு லென்ஸோடு சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. பிம்பம் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு நுணுக்கமும் தெரியாது. ஒளி நுண்ணோக்கி எதுவும் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது என்பதால், மேக்னெட்டோசோம் சங்கிலியை இதில் பார்க்கலாம் என்று யாரும் நம்பி வாங்க வேண்டாம். அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். நாம் பார்ப்பது சங்கிலியை அல்ல, சங்கிலி செய்யும் வேலையை. செல்களில் பெரும்பாலானவை 1 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளம் உடையவை. இந்தக் கருவியின் 40 மடங்கு லென்ஸ் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டுவதால், உருண்டையா, கோலா, சுருளா என்று அடையாளம் காண அது போதும். பத்து மடங்கு லென்ஸ் கூட்டமாக நீந்துவதைப் பார்க்கப் போதும். 100 மடங்கு லென்ஸை இந்த வேலையில் நாங்கள் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை முயன்றபோது, அந்த லென்ஸுக்கு இட வேண்டிய எண்ணெய், சொட்டைத் தாங்கும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பையே இழுத்து ஆட்டிவிட்டது.

பாக்டீரியாவை நசுக்காமல் பார்க்கத் தொங்கு சொட்டு முறையே ஏற்றது. குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை ஸ்லைடின் மேல் வைத்து, கவர் ஸ்லிப்பில் ஒரு சொட்டு விட்டு, சட்டென்று கவிழ்த்து வாஷரின் மேல் அமர்த்திவிட்டால் சொட்டு உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். இதனால் சொட்டு ஸ்லைடிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. கண்டன்சரை முழுவதும் மேலேற்றினால்தான் ஒளி அங்கே குவியும். இந்தக் கருவியின் கண்டன்சர் அந்த உயரத்துக்கு வருகிறது, அது பாராட்டுக்குரியது. இதைவிட மலிவான, கண்டன்சர் அசையாத நுண்ணோக்கிகளில் இந்தச் சோதனை கைகூடாது என்பதை எங்கள் ஆய்வகத்தின் பழைய கருவியிலேயே கண்டுவிட்டேன்.

நிறமற்ற செல்லை நிறமற்ற நீரில் பார்க்க உருப்பெருக்கத்தைவிட ஒளி-இருள் வேறுபாடு முக்கியம். ஐரிஸ் துவாரத்தைப் பாதிக்கு மேல் மூடினால் செல்கள் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிகின்றன. அதைவிடச் சிறந்த வழி, கண்டன்சருக்குக் கீழே உள்ள வடிகட்டித் தட்டில் கருப்பு அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் வைப்பது. நேராக வரும் ஒளி தடைபட்டு, சாய்வாக வரும் ஒளி மட்டும் செல்களில் பட்டுச் சிதறுவதால், கரும்புலத்தில் ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒளிப்புள்ளியாக மின்னும். ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே இறங்கும் வெயில் கற்றையில் தூசி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும். பத்து மடங்குக்கு ஓர் அளவும், நாற்பது மடங்குக்கு அதைவிடப் பெரிய ஓர் அளவுமாக இரண்டு வட்டங்கள் வெட்டி வைத்திருக்கிறோம். இதற்கு ஆன செலவு ஒரு பழைய நோட்டு அட்டை.

எங்களுக்கு ஏமாற்றம் தந்தவை இரண்டு. கருவி வந்தபோது கண்டன்சர் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. விற்பனையாளரிடம் சொன்னபோது எங்கள் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி நாங்களே சரிசெய்தோம். ஸ்லைடை வைக்கும் மேடை தன் எடையால் மெல்லக் கீழிறங்கி, குவியம் கலைந்துகொண்டே இருந்தது மற்றொன்று. பெரிய திருகின் அருகே உள்ள இறுக்கும் வளையத்தைத் திருப்பினால் இது நின்றுவிடும் என்பதைக் கையேடு எங்கும் சொல்லவில்லை. இவை எந்த மாணவர் நுண்ணோக்கிக்கும் நேரக்கூடியவை. ஆனால் மூன்றாவதாக வந்தது, காந்தத்தோடு வேலை செய்பவர் மட்டுமே எதிர்கொள்ளும் சிக்கல். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் நாள் சொட்டைப் பொருத்தி, சட்டக்காந்தத்தை மேடையின் மேல் நகர்த்திக் கொண்டுபோனபோது, ஸ்லைடுக்கு இரண்டு விரல் தொலைவிலேயே அது கையை விட்டுத் துள்ளி, ஸ்லைடைப் பிடித்திருக்கும் கவ்வியில் போய் ஒட்டிக்கொண்டது. சொட்டு சிதறி, கவர் ஸ்லிப் உடைந்தது. மேடைத் தட்டு அலுமினியம்தான். அதன் மேலுள்ள நகர்த்தும் சட்டமும் வில் கவ்வியும் எஃகு. காந்தத்தை அகற்றிவிட்டு, ஒரு சிறு திசைகாட்டியை மேடையில் வைத்து நகர்த்திப் பார்த்தோம். கவ்விக்கு அருகே வரும்போது முள் தெளிவாகவே விலகியது. அதாவது சொட்டுக்குள் இருக்கும் பாக்டீரியா உணர்வது நாம் வைக்கும் காந்தத்தின் புலத்தை மட்டும் அல்ல, பூமியின் புலத்தை மட்டும் அல்ல, கவ்வியின் குறுக்கீட்டையும் சேர்த்து. இந்தக் கருவியைச் செய்தவர்கள் இப்படியொரு பயன்பாட்டை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் கவ்வியைத் துருப்பிடிக்காத, காந்தம் ஒட்டாத உலோகத்தில் செய்வது ஒன்றும் பெரிய செலவில்லை. வாங்குவதற்கு முன் கையில் ஒரு காந்தத்தை எடுத்துச் சென்று மேடையின் ஒவ்வொரு பகுதியிலும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை.

இரண்டு திருகுகளைக் கழற்றிச் சட்டத்தையே எடுத்துவிட்டு, ஸ்லைடை ஒட்டுநாடாவால் மேடையில் ஒட்டிவிட்டு மீண்டும் தொடங்கினோம். இப்போது காந்தத்தைச் சொட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாலே போதுமானதாக இருந்தது. கரும்புலத்தில், அதுவரை திசைக்கொன்றாக அலைந்த புள்ளிகளில் ஒரு பகுதி திடீரென்று இணைகோடுகளில் ஓடத் தொடங்கியது. காந்தத்தை முனை மாற்றித் திருப்பியதும், ஓடியவை அனைத்தும் ஒரே கணத்தில் கொண்டை ஊசி வளைவு போல் வளைந்து எதிர்த்திசையில் நீந்தின. முப்பது ஆண்டுகளாக நுண்ணோக்கியில் கண்வைத்துவரும் எனக்கே நெஞ்சு ஒருகணம் நின்று ஓடியது. காந்தம் இழுத்துச் செல்லும் இரும்புத் துகள்களும் சேற்றில் இருக்கும். ஆனால் அவை எந்த முனையைக் காட்டினாலும் காந்தத்தை நோக்கியே நகரும். முனையை மாற்றினால் திரும்பி எதிர்த்திசையில் போவது உயிருள்ள காந்தநாட்ட பாக்டீரியா மட்டுமே. மாணவர்கள் காணொளி எடுத்து மகிழ்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக வாங்கிய சட்டக்காந்தத்தில் சிவப்பு, நீல வண்ணங்கள் மாற்றிப் பூசப்பட்டிருந்தன. வட்ட நியோடிமியம் காந்தங்களில் பெரும்பாலும் முனை குறிக்கப்படுவதே இல்லை. அவை வலிமையும் மிகுதி, சற்றுக் கவனம் தவறினால் மேடையில் போய் அடிக்கும். எந்தக் காந்தமானாலும் திசைகாட்டியின் வடக்கு காட்டும் முள் எந்த முனையை நாடுகிறதோ அதுவே தென்முனை என்று முதலில் நீங்களே குறித்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஓர் ஆசிரியர் வண்ணத்தை நம்பி முனையை மாற்றி எடுத்துக்கொண்டிருந்தால், பாக்டீரியாவே அதைக் காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் ஊரில் காட்டிக் கொடுக்கவில்லை. அதன் காரணம்தான் இந்த ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகச் சுவையானது.

வட அரைக்கோளத்தில் காந்தப்புலக் கோடுகள் வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலத்துக்குள் சரிந்து இறங்குகின்றன. கீம்ஸே ஏரியில் அந்தச் சரிவு அறுபது பாகைக்கும் மேல். ஆகவே அங்கே வடக்கு நாடும் பாக்டீரியா, வடக்கே போவதாக அல்ல, உண்மையில் கீழே, ஆக்ஸிஜன் குறைந்த வண்டலை நோக்கி இறங்குகிறது. தென் அரைக்கோளத்தில் இதே காரணத்தால் தெற்கு நாடுபவை பெரும்பான்மையாக உள்ளன. இரண்டுக்கும் நடுவே, புலக்கோடுகள் கிடைமட்டமாகச் செல்லும் காந்த நடுக்கோட்டில் என்ன நடக்கும்? 1981இல் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் ஆராய்ந்தவர்கள், அங்கே இரண்டு வகையும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் வாழ்வதைக் கண்டனர். மேலே போகாமலும் வீணாகக் கீழே போகாமலும் ஒரே மட்டத்தில் நீந்துவதற்கு அங்குள்ள புலம் உதவக்கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதே காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகேயும் செல்கிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான்; அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது, பாவியாவில் பெல்லினி தன் குறிப்பை எழுதிய அதே 1963ஆம் ஆண்டு. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதே நடுக்கோடுதான் காரணம்.

பாட்டிலின் ஒருபுறம் தென்முனையும் எதிர்ப்புறம் வடமுனையும் வைத்து இரு இடத்திலிருந்தும் சொட்டு எடுத்தோம். இரண்டிலும் பாக்டீரியா கூடியிருந்தன. ஒரே சொட்டில் இரண்டையும் கலந்து காந்தத்தைக் காட்டியபோது, எதிரெதிரே வரும் இரண்டு ஊர்வலங்கள் ஒன்றையொன்று கடந்து இரு கரைகளுக்கும் போயின. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணை எடுக்காமலே, "டீச்சர், ரெண்டு பக்கமும்லா கூடுது!" என்று கூவியதில் மற்றவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்கள்.

விலைக்கு ஏற்ற கருவியா என்று கேட்டால், ஆம் என்பேன். லென்ஸ்கள் தெளிவானவை, எல்.இ.டி. விளக்கு சொட்டைச் சூடாக்குவதில்லை, அரைமணி நேரம் பார்த்தாலும் நீந்தும் வேகம் குறையவில்லை. கேமராக் குழலில் செல்பேசியைப் பொருத்தும்போது மட்டும், அதன் ஒலிபெருக்கியிலும் காந்தம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். சொட்டிலிருந்து தொலைவில் இருப்பதால் எங்கள் திசைகாட்டி அதற்கு அசையவில்லை. விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். மாற்றுக் கவ்வி கேட்டு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

ஒட்டுநாடாவைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவதில் சலித்துப்போய், கழற்றிய சட்டத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுசென்றேன். காந்தம் ஒட்டக் கூடாது என்று நான் சொன்னதும், பட்டறை அண்ணாச்சி வேறெதுவும் கேட்காமல் ஒரு பித்தளைப் பட்டையை எடுத்து அளவு வைத்தார். வில்லுக்குப் பதிலாக ஒரு சிறு பித்தளைத் திருகு. கூலி 350 ரூபாய். மறுநாள் அதைப் பொருத்தி, அறையிலிருந்த காந்தங்களையெல்லாம் அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேடையில் திசைகாட்டியை நகர்த்தினோம், முள் அசையவில்லை. பிறகு சொட்டைப் பொருத்திக் கால்மணி நேரம் தொடாமல் விட்டோம். ஜெர்மனியில் பூமியின் புலத்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் கிடைமட்டமாகச் செயல்படும். இங்கே ஏறத்தாழ முழுப் புலமும் ஸ்லைடின் மேல் படுத்துக்கிடக்கிறது. காந்தம் எதுவும் இல்லாமல், பூமி மட்டுமே திசை காட்டியதில், சொட்டின் வடக்கு விளிம்பிலும் தெற்கு விளிம்பிலும் இரண்டு வெளிச்சக் கோடுகள் மெல்லத் தடித்துக்கொண்டிருந்தன.